குழாய்க்குள் அமுங்கிய சேறு

சேகர்,

உன் கடிதம் வந்து மாதம் ஒன்று ஓடிவிட்டது. பதில் போடாதது என் தப்பு. இங்கே எல்லோரும் நலம். மணி அண்ணன் உன்னை விசாரித்தார்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் பி.வி.சி. குழாய் இறக்கிச் சேறு எடுத்து, அதில் எவ்வளவு கரிமம் (கார்பன்) இருக்கிறதென்று கணக்குப் போடப் போகிறேன் என்றாயே, அதுதான் மனசை அரிக்கிறது. குழாய்க்குள் சேறு அமுங்கும். அதை விட்டுவிட்டால் உன் உழைப்பெல்லாம் வீண்.

2018 கஜா புயலில் மரங்கள் சாய்ந்ததும் ‘கரிமமே போச்சு’ என்றார்கள். மரத்தைவிட அடிச்சேற்றில்தான் பெரும்பாலும் அதிகம் கிடக்கிறது. தண்ணீர் ஊறியே கிடப்பதால் காற்று இறங்காது, வேரும் இலையும் மெல்லத்தான் மக்கும். கிளறினால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறதே, அதுதான் அடையாளம். அதையே வெட்டிக் காயவிட்டால் மக்குவது வேகம் பிடித்து, கரியமில வாயுவாகக் கிளம்பிவிடும்.

இனி கணக்கு. உள்விட்டம் 5 செ.மீ. குழாயில் 5 செ.மீ. துண்டு என்றால் 98 கன செ.மீ. காய்ந்தபின் 98 கிராம், அதில் கரிமம் 3% என்று வை. 1 மீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 300 டன் என்று வரும். ஆனால் 100 செ.மீ. இறங்கிய குழாயில் சேறு 80 செ.மீ.தான் நின்றதென்றால், முழு மீட்டர் சேறும் அந்த 80-க்குள் அமுங்கியிருக்கிறது, நிஜம் 240. இல்லாத 60 டன்னை எழுதியிருப்பாய்! அதை நம்பி எவனாவது கார்பன் கிரெடிட் (கரிமத்தைச் சேமித்ததற்கான விற்பனைச் சான்று) விற்றால், நாளைக்கு மறு அளவையில் குட்டு உடையும். பழி காட்டைக் காத்த ஊர்க்காரர்கள் தலையில் விழும். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குழாயைப் பிடுங்கும் முன் அதன் மேல்விளிம்பிலிருந்து வெளித்தரைக்கு ஒரு அளவு, உள்ளே சேற்றின் தலைக்கு ஒரு அளவு எடு. வித்தியாசம்தான் அமுங்கியது. அப்புறம் ரப்பர் மூடியை இறுக்கிவிட்டு இழு, இல்லாவிட்டால் அடிச்சேறு நழுவிவிடும். கீழ்வாயை வெளிப்புறம் சரிவாக ராவிவிட்டால் அமுக்கம் குறையும். சேற்றைக் குடைந்தெடுக்கும் பாதி திறந்த துரப்பணம் இரவல் கிடைத்தால் குழாயே வேண்டாம்.

உயிருள்ள வேரைப் பொறுக்கி எறி, அது மரக் கணக்கில் வரும். 60 டிகிரியில், எடை மாறாமல் நிற்கும்வரை காயவை. சிப்பித்தூள் இருந்தால், அதன் சுண்ணாம்புக் கரிமம் கணக்கில் சேராதபடி, கரிமம் அளக்கும் கருவிக்கு அனுப்புமுன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு நுரை அடங்கவிடு. கண்ணளவே போதும் என்ற உன் பழைய பாட்டு இங்கே வேண்டாம்.

முதல் குழாயின் இரண்டு அளவையும் அன்றைக்கே எழுதி அனுப்பு.

அன்புடன்,
ராசு