பாரம் ஏற்றாதவருக்கு டபுள் கெப் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டதிலிருந்து பத்திரிகைகளில் வாகன விளம்பரங்கள் கூடிவிட்டன. புதியது வாங்க வரி விடாது என்பதால் எங்கள் பகுதியில் கைமாறிய வாகனங்கள்தான் அதிகம் ஓடுகின்றன. எதுவானாலும் ஆட்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: டபுள் கெப் (இரண்டு வரிசை ஆசனமும் பின்னால் திறந்த பாரப் பெட்டியும் உள்ள வாகனம்) எடுப்பதா, ஜீப் எடுப்பதா? வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் காசு அனுப்ப ஆயத்தமாக இருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் தகப்பன்மாருக்கு எதைக் கேட்பது என்று விளங்கவில்லை. அரச திணைக்களம் ஒன்றிலும், சுனாமிக்குப் பிறகு நிவாரண நிறுவனம் ஒன்றிலும் சாரதியாக இருந்து இரண்டு வகையையும் இந்த மண்ணில் ஓட்டியவன் என்பதால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

ஜீப் என்று நான் சொல்வது பிராடோ, மொன்டேரோ, ஃபோர்ச்சூனர் போன்றவற்றை. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், மெதுவாகவும் பலமாகவும் இழுக்க உதவும் லோ கியர் இருக்க வேண்டும். ஹொண்டா வெசல் போன்றவற்றையும் ஆட்கள் ஜீப் என்று சொல்கிறார்கள். அவை நல்ல குடும்ப வாகனங்கள்தான், ஆனால் லோ கியர் இல்லை, மாரியில் உன்னிச்சைக் குளத்துக்கு அப்பால் வயல் பாதையில் இறக்குவதற்குச் செய்தவையும் அல்ல. அவற்றை இந்தப் பேச்சில் சேர்க்கவில்லை.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஹைலக்ஸும் ஃபோர்ச்சூனரும் ஒரே அடித்தளத்தில் செய்தவை. எல்-200 உம் மொன்டேரோ ஸ்போர்ட்டும் அப்படித்தான், இசுசு டி-மேக்ஸும் எம்யூ-எக்ஸும் அப்படித்தான். எஞ்சின், கியர்ப் பெட்டி, முன்பக்கம் எல்லாம் பெரும்பாலும் ஒன்று. ஆகவே "எது பலம் கூட?" என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடையாது. வித்தியாசம் பின்பக்கத்தில் இருக்கிறது. கெப்புக்குப் பின்னால் பட்டை ஸ்பிரிங், ஜீப்புக்குச் சுருள் ஸ்பிரிங். ஹைலக்ஸ் டபுள் கெப்பின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 3,085 மில்லிமீற்றர். ஃபோர்ச்சூனரில் சுமார் 2,750. மொத்த நீளத்தில் கெப் அரை மீற்றர் கூட.

அந்தப் பட்டை ஸ்பிரிங் ஏறத்தாழ ஒரு தொன் பாரத்தைத் தாங்கச் செய்தது. பாரம் இல்லாமல் ஓடினால் அது வளைந்து கொடுக்காது. எஞ்சினின் கனம் முழுவதும் முன்னால், பின்னால் வெறும் தகரப் பெட்டி. கிறவல் வீதி அலை அலையாக அரித்துக் கிடக்கும் இடத்தில் பின் சில்லுகள் நிலத்தில் நில்லாமல் குதிக்கும். வளைவில் வால் வெளியே போகும். மழை பெய்து களி கிளம்பிய பாதையில் இழுக்க வேண்டிய பின் சில்லு சும்மா சுற்றும். ஃபோர் வீலைப் போட்டால் சரிதானே என்பீர்கள். சரி, ஆனால் பெரும்பாலான கெப்களில் அது தேவைப்படும்போது மட்டும் போடும் முறை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிப் (இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) கிடையாது. காய்ந்த காபட் (தார்) வீதியில் அதைப் போட்டுத் திருப்பினால் இரண்டு அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற இடமில்லாமல் முழுத் தொகுதியும் இறுகும். எங்கள் வீதிகளோ கொஞ்சத் தூரம் காபட், பிறகு கிறவல், அப்புறம் திரும்பவும் காபட். ஒவ்வொரு இடத்திலும் போட்டுக் கழற்ற யாருக்கும் பொறுமை இல்லை. கடைசியில் பின் சில்லு மட்டும் இழுக்க, வெறும் கெப்பை மழைக்குள் வேகமாக ஓட்டுகிறார்கள். பிராடோவில் நான்கு சில்லும் எந்நேரமும் இழுக்கும். நடுவில் டிப் இருக்கிறது. மொன்டேரோவிலும் தார் வீதியில் ஃபோர் வீல் போட்டு ஓட வழி உண்டு. எல்-200 இலும் மேல் ரகங்கள் சிலவற்றில் அந்த வசதி இருக்கிறது, பார்த்து வாங்குங்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். வாரத்தில் பாதி நாளுக்குக் குறைவாகப் பாரம் ஏற்றுகிறவர் கெப் எடுக்க வேண்டாம். என் மருமகன் ஒருவர் "கெப் நின்றால்தான் வளவுக்கு மதிப்பு மாமா" என்றார். அவருடைய காணி முழுவதும் குத்தகையில் இருக்கிறது. வாகனம் தேவைப்படுவது தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், பிள்ளைகளை வகுப்புக்கு விடவும், திருவிழாவுக்குத் தாந்தாமலை போகவும். அறுவடைக்கு இரண்டு நாள் நெல் ஏற்ற உழவு இயந்திரப் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும். அந்த இரண்டு நாளுக்காக வருடம் முழுவதும் முதுகு நோகிற வாகனத்தை ஏன் வைத்திருக்க வேண்டும்?

நோயாளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014 இல் ஜப்பான் உதவியுடன் கட்டிய மண்முனைப் பாலம் திறக்கும் வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆட்களைப் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் கடத்தும் மிதவையில்) ஏற்றித்தான் வாவியைக் கடத்தினோம். இப்போது அந்தத் தாமதம் இல்லை, ஆனால் வெல்லாவெளிக்கு உள்ளே இருந்தோ உன்னிச்சைக்கு அப்பால் இருந்தோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வரும் வழி இன்னும் நீளம்தான். பழைய டபுள் கெப்களில் பின் ஆசனத்தின் முதுகு நேராக நிற்கும். வயிற்றுப்பிள்ளைத்தாய்ச்சியையோ இடுப்பு முறிந்த கிழவரையோ அதில் வைத்துக் கிறவலில் கொண்டுவருவது கொடுமை. பிராடோ போன்ற ஜீப்பில் ஆசனத்தை மடக்கி மெத்தை போட்டுக் கிடத்தலாம். திறந்த பெட்டியில் நோயாளியைக் கிடத்தி, குடை பிடித்துக்கொண்டு வந்ததைக் கண்டிருக்கிறேன். அதை யாரும் செய்யக் கூடாது.

ஆனால் உண்மையாகவே பாரம் ஏற்றுகிறவருக்கு நான் ஜீப்பைச் சொல்ல மாட்டேன். பெரும்போகம், சிறுபோகம் இரண்டும் செய்கிறவர், மாதவனை, மயிலத்தமடுப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருக்கிறவர், கரடியனாற்றுப் பக்கம் தோட்டம் செய்து சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறவர், இவர்களுக்கு டபுள் கெப்தான். ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ என்று வையுங்கள். மிச்சத்துக்கு 50 கிலோ உர மூட்டை பன்னிரண்டு தாராளமாக ஏற்றலாம். ஃபோர்ச்சூனரில் ஆட்கள் உட்பட ஏற்றக்கூடியதே அறுநூறு கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். எண்ணெய் மருந்து, களைநாசினி, டீசல் கான், தண்ணீர்ப் பம்பி எல்லாம் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குள் வரக் கூடாது. கெப்பில் அவை வெளியே பெட்டியில் இருக்கும், கழுவிவிட்டால் முடிந்தது. ஜீப்புக்குள் ஒருமுறை மருந்துப் போத்தல் உடைந்தால் அந்த மணத்துக்குள்தான் பிள்ளை மாதக்கணக்கில் இருக்க வேண்டும். இதை நான் மற்ற எல்லாக் காரணத்துக்கும் மேலே வைக்கிறேன்.

கெப் எடுத்தால் அதைக் கெப்பாக ஓட்டப் பழக வேண்டும். வெறுமையாகப் போகும் மழை நாட்களில் இரண்டு மூன்று மண் மூட்டையைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்துக் கட்டுங்கள். வால் பக்கத்தில் போட்டால் முன் சில்லு இலேசாகிவிடும். வாய்க்காலில் இறங்கி ஏறும்போது நீண்ட வால் கரையில் இடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். குளக்கட்டில் திருப்புவதும் இலேசில்லை: ஹைலக்ஸ் திரும்ப 12.8 மீற்றர் வட்டம் வேண்டும், ஃபோர்ச்சூனருக்கு 11.6. பொழுதுபடும் நேரம் குளக்கட்டில் யானை நிற்கக் கண்டால் அந்த ஒரு மீற்றர் சின்ன விஷயம் அல்ல. நெல் ஏற்றியிருந்தால் படங்கு போட்டு இறுக்கி மூடி, இருட்டுக்கு முன் வந்துவிடுங்கள். பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் வழியில் மணலில் இறங்குகிறவர்கள், எந்த வாகனமானாலும், டயர்க் காற்றை 18, 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். திரும்பித் தாருக்கு வந்ததும் காற்று அடிக்க வேண்டும்.

கைமாறிய கெப் வாங்குகிறவர்கள் நிலத்தில் படுத்துச் செசியை, அதாவது அடிச்சட்டத்தைப் பாருங்கள். வாழைச்சேனை, கல்முனைப் பக்கம் மீன் ஏற்றிய கெப்களில் ஐஸ் தண்ணீரும் உப்பும் வடிந்து செசியின் உள்ளே துரு தின்றிருக்கும். மேலே புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். டிப் எண்ணெயைத் திறந்து பாருங்கள். பால் நிறமாக இருந்தால் வெள்ளத்துக்குள் போன வாகனம். ஜீப்புக்கும் இந்த இரண்டையும் பாருங்கள்.

வெள்ளம் என்றதும் இன்னொன்று. எந்த வகை வாகனத்தை வாங்கினாலும் ஓடும் நீருக்குள் இறங்கலாம் என்று நினைக்கிறார்கள். ஹைலக்ஸுக்கும் ஃபோர்ச்சூனருக்கும் டொயோட்டா கொடுக்கும் ஆழம் 700 மில்லிமீற்றர். அது மெதுவாகக் கடக்கும் நிதானமான நீருக்கு. ஓடும் நீர் 60 சென்ரிமீற்றர் இருந்தாலே பெரும்பாலான வாகனங்களைத் தூக்கி இழுத்துவிடும், அதில் கெப்பும் ஜீப்பும் அடங்கும். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் இழுத்துப்போனது உழவு இயந்திரத்தை. அதில் வந்த மாணவர்களை நாங்கள் இழந்தோம். கெப்பைவிட உயரமான இயந்திரத்துக்கே அந்த நிலை என்றால் மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒவ்வொரு மாரியிலும் கிரான்–புலிபாய்ந்தகல் வீதி நீருக்குள் போகிறது. படுவான்கரையிலும் அம்பாறை மாவட்டத்திலும் இப்படி எத்தனையோ தாம்போதிகள் (வெள்ளம் மேலால் ஓடும் தாழ்ந்த வீதிப் பகுதிகள்) உண்டு. தண்ணீர் கலங்கி ஓடும்போது அடியில் வீதி இருக்கிறதா, அரித்துப்போய்விட்டதா என்று எந்தச் சாரதிக்கும் தெரியாது. வீதிக்குப் பொறுப்பானவர்கள் இந்த இடங்களில் இரு கரையிலும் ஆழம் குறித்த தூண்களை நட வேண்டும். 30 சென்ரிமீற்றரில் மஞ்சள் கோடு, 60 இல் சிவப்புக் கோடு, இரவில் வெளிச்சம் பட்டால் தெரியும் பெயின்ட். பெரிய செலவு இல்லை. அடுத்த மாரிக்கு முன், எந்தெந்தத் தாம்போதியில் தூண் இல்லை என்று வாசகர்கள் எழுதி அனுப்பினால் அந்தப் பட்டியலை நீங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்துப் பெயர்களை எழுதித்தர நான் ஆயத்தம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாரதி,
கொக்கட்டிச்சோலை, மட்டக்களப்பு.