நீலகிரி டான்ஸ் டீச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரியில் நாட்டியம் சொல்லித் தரும் டீச்சர்களுக்கும் மாஸ்டர்களுக்கும்,

வணக்கம். குன்னூரிலிருந்து எழுதுகிறேன். சக்கர நாற்காலியில் போய்வருபவள். ஆண்டு விழா ஒத்திகை தொடங்கும் முன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த முறை ‘மாற்றுத்திறனாளி மாணவியின் சிறப்பு நடனம்’ என்று ஒன்றைத் தனியாகச் சேர்க்காதீர்கள். ஒரு குழு நடனத்தை அமைக்கும் பொறுப்பையே அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்.

நம் ஊரில் இதற்கு உதாரணம் என்றாலே சுதா சந்திரன்தான். 1981ல் திருச்சிப் பக்கம் நடந்த பேருந்து விபத்தால் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலைப் பொருத்திக்கொண்டு மறுபடியும் பரதம் ஆடினார். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையை நாம் எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்கிறோம்: மற்றவர்களைப் போலவே ஆடிவிட்டார், அதனால் ஜெயித்தார். மற்றவர்களைப் போல ஆட முடியாத, ஆட விரும்பாத உடம்பு என்ன செய்யும்?

சக்கர நாற்காலியில் ஆடும் ஆலிஸ் ஷெப்பர்டைப் பாருங்கள். அமெரிக்காவில் இடைக்கால ஆங்கில இலக்கியப் பேராசிரியராக இருந்தவர். புற்றுநோயில் ஒரு காலை இழந்த பிறகும் ஆடிக்கொண்டிருந்த ஹோமர் அவிலா 2004ல் அவரைப் பார்த்து, ஒரு டான்ஸ் வகுப்புக்காவது போய்வர முடியுமா என்று சீண்டினார். போனார். அப்புறம் பேராசிரியர் வேலையையே விட்டுவிட்டார். 2016ல் கைனடிக் லைட் என்ற குழுவைத் தொடங்கினார். அதில் ஆடுகிறவர்கள் மட்டுமல்ல, விளக்கு அமைத்த மைக்கேல் மாகும் மாற்றுத்திறனாளிதான், சக்கர நாற்காலிக்காரர்.

‘டிசென்ட்’ என்ற ஷெப்பர்டின் படைப்பில் மேடையே ஒரு பெரிய சாய்தளம். வளைவும் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் அவரும் குழுவின் இன்னொரு கலைஞர் லாரல் லாசனும் நாற்காலியோடு ஆடுகிறார்கள். ஏறும்போது தோள் வலிக்கத் தள்ள வேண்டும். இறங்கும்போது சரிவே இழுத்துக்கொள்ளும். ஓரிடத்தில் ஷெப்பர்ட் கீழே கிடந்தபடி தாங்க, லாசன் கைகளை விரித்து அந்தரத்தில் நிற்கிறார். அவருடைய சக்கரங்கள் காற்றில் சுழல்கின்றன. நடக்கத் தெரிந்த ஒருவருக்கு இப்படி ஓர் அசைவு தோன்றியிருக்குமா? பார்வையற்ற ரசிகர்களுக்கென்று ஆடிமான்ஸ் என்ற செயலியும் இந்தக் குழுவிடம் உண்டு. வர்ணனை, ஒலி என்று பல தடங்கள் அதில் இருக்கும். கேட்பவர் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம்.

சரிவைப் பற்றி நம் மலைக்காரர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்! குன்னூரில் பெட்ஃபோர்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும்போது சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விடும் தாளம் என் உள்ளங்கைக்கு அத்துபடி. கையுறை இல்லாவிட்டால் தோல் உரிந்துவிடும். அதை யாரும் ஆட்டமாகக் கேட்டதில்லை. சின்ன வயதில் நான் போன ஒரு வகுப்பில், உட்கார்ந்தபடி முத்திரை மட்டும் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார முடியாதவளுக்கு, அடிப்படை ஆட்ட அசைவான அடவு எதற்கு என்ற கணக்கு. பாதத்தால் தட்டும் தட்டடவைச் சக்கர விளிம்பில் கையால் தட்டலாமே!

மேடைக்குச் சாய்தளம் போட இடமில்லை என்பீர்கள். உண்மைதான். 12 அடி நீளத்துக்கு ஓர் அடிக்கு மேல் ஏறக் கூடாது என்பது விதி. மூன்றடி மேடைக்கே 36 அடி வேண்டும். நம் மண்டபங்களில் அதற்கு எங்கே போவது? சரி, மேடையை விட்டுவிடுங்கள். ஹெத்தை அம்மன் பண்டிகையில் நம் மலைப் படகர்கள் தரையில்தானே வட்டமாக ஆடுகிறார்கள், நாம் சுற்றி நின்று பார்க்கிறோம். பள்ளி மைதானம் போதும், செலவும் மிச்சம். நனைந்த புல்லில் சக்கரம் சிக்கும் என்பதால் சிமென்ட் தரையாகப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016ன் 29ஆம் பிரிவு, அவர்களும் பங்கேற்கும்படி கலைப் பாடங்களை மாற்றியமைப்பது பற்றிப் பேசுகிறது. உங்களை மிரட்ட இதைச் சொல்லவில்லை. அடவை மாற்றினால் மரபு கெட்டுவிடும் என்று யாராவது உங்களிடம் சண்டைக்கு வந்தால் எடுத்துக் காட்ட உதவும்.

அறிவிப்பாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ‘ஊனத்தை வென்ற’ என்று தொடங்க வேண்டாம், சோக வயலினும் வேண்டாம். நடனம் அமைத்தவர் பெயர், ராகம், தாளம் போதும். ஆட்டம் சுமாராக இருந்தால் சுமார் என்றே சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளை அப்படித்தானே திருத்துகிறீர்கள்?

ஒத்திகைக்குக் கூப்பிட்டால் வருகிறேன். வகுப்பு மாடியில் என்றால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
குன்னூர்க்காரி ஒருத்தி