பழைய டிஸ்கவரி வாங்க நினைக்கும் நண்பனுக்கு

கோயம்புத்தூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ளே,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மனசு லேசானது. இரண்டு மாதத்துக்குத் தலைக்குக் குளிக்கிறேன், அடுப்பு ஊதுகிறேன் என்று கிளம்பாமல் பார்த்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குத் தை மாதம் வளைகாப்பு. நீயும் தங்கச்சியும் முதல் நாளே வந்துவிட வேண்டும்.

சரி, வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய படங்களை நாலு தடவை பார்த்துவிட்டேன். 2013 லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4, மூன்று லிட்டர் டீசல், 1,70,000 கிலோமீட்டர், டெல்லிப் பதிவு. புதிதாக விற்ற விலையில் கால்வாசிகூட இல்லை என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருந்தாய். டெல்லி வட்டாரத்தில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அதனால் அங்கே நன்றாக வைத்திருந்த வண்டி, நாசமான வண்டி எல்லாம் சேர்ந்தேதான் விலை இறங்கித் தெற்கே வர ஆரம்பித்தன. விலையைப் பார்த்து எது எந்த வகை என்று சொல்ல முடியாது.

நாம் ஐ.டி.ஐ. முடித்த வருஷம் உன் அப்பாவின் ஜீப்பைப் பிரித்து மாட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் எந்த இடத்துக்கும் கை நுழையும். இந்த வெளிநாட்டுச் சொகுசு வண்டிகளில் நுழையாது. இத்தனை வருஷம் பட்டறையில் நின்று நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் அதுதான். ஐந்நூறு ரூபாய் ரப்பர் சாமான் கெட்டாலும், அதை எட்டுவதற்குள் பாதி வண்டியைக் கழற்ற வேண்டியிருக்கும். பென்ஸின் ஓ.எம். 642 என்ற வி6 டீசலை எடுத்துக்கொள். ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப்பள்ளத்தில் படுத்திருக்கும். அதன் சீல் கசிந்தால் இன்டேக், டர்போ எல்லாவற்றையும் கழற்றினால்தான் சீலையே கண்ணால் பார்க்க முடியும். பி.எம்.டபிள்யூவின் என் 57 டீசலில், வால்வுகளை ஓட்டும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் சத்தம் போட ஆரம்பித்தால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். உன் டிஸ்கவரியில் பாடி தனி, சேசிஸ் தனி. டர்போ வேலை என்றால் பாடியையே சேசிஸிலிருந்து தூக்கி வைத்துச் செய்கிறார்கள். அதனால் சாமான் என்ன விலை என்று மட்டும் விசாரிக்காதே. மாட்ட எத்தனை நாள் ஆகும் என்றும் கேள்.

டிஸ்கவரி 3-ல் 2.7, உன்னுடையதில் 3.0. இரண்டும் ஒரே குடும்பத்து வி6 எஞ்சின்கள். ஓட்டுவதற்கு அவ்வளவு சுகமான எஞ்சின், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு, உடைவது இந்தக் குடும்பத்துக்கே உள்ள கெட்ட பெயர். அதைத் தாங்கும் பேரிங் ஷெல் இருந்த இடத்தை விட்டுச் சுழன்றால், கிராங்குக்கு எண்ணெய் போகும் துளை மூடிக்கொள்ளும். அங்கே சூடேறி, கடைசியில் கிராங்க் இரண்டாகப் போகும். முன்கூட்டிச் சத்தம் கேட்கும் என்று நம்பி இருக்க முடியாது. பிரிட்டனில் இதற்கு 26,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றினால் போதும் என்று கையேட்டில் போட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். நம் வெயிலுக்கும் ட்ராஃபிக்குக்கும் பத்தாயிரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். முந்தைய ஓனர் எப்படி மாற்றினார் என்பதற்கு பில் இருக்கிறதா? ஸ்டாம்ப் போட்ட புத்தகம் மட்டும் போதாது, பில் வேண்டும்.

டைமிங் பெல்ட் இதில் இரண்டு. முன்னால் ஒன்று, பின்னால் டீசல் ஹைபிரஷர் பம்பை ஓட்ட ஒன்று. முன் பெல்ட்டை மாற்றிவிட்டுப் பின் பெல்ட்டை அப்படியே விட்டவர்கள் நிறைய. கிலோமீட்டர் குறைவு என்று சமாதானம் சொல்வார்கள். ரப்பருக்கு வயசும் கணக்கு. இரண்டையும் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்.

கியர்பாக்ஸ் இசட்.எஃப். எட்டு கியர். ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று ஷோரூமில் சொல்வார்கள். செய்து கொடுத்த இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு ஒட்டியே வரும், சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

ஏர் சஸ்பென்ஷனைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு பயமில்லை, வெளியே நின்றே செய்யக்கூடிய வேலை. காற்றுப் பையில் மயிரிழைக் கசிவு இருந்தாலும், உயரத்தைச் சரிக்கட்டக் கம்ப்ரஸர் திரும்பத் திரும்ப ஓடும். கடைசியில் அது கருகிவிடும். கம்ப்ரஸரை மட்டும் மாற்றிப் பையை விட்டால் ஆறு மாதத்தில் புதுக் கம்ப்ரஸரும் போகும். எஞ்சினுக்குத் திரும்பப் போகும் புகையைக் குளிரவைக்கும் ஈ.ஜி.ஆர். கூலர் வேறு மாதிரி. உள்ளேயே கசியும், தரையில் ஒரு சொட்டு விழாது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வரும்.

கூலன்ட் என்றதும் போன மழைக்காலம் ஞாபகம் வருகிறது. ஒரு டாக்டரின் சொகுசு வண்டி, வால்பாறை மலைப்பாதையில் பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டது. பிளாஸ்டிக் குழாய் ஒன்று இற்றுப்போய்ப் பிளந்திருந்தது. டெம்பரேச்சர் முள் கடைசி வரை நடுவில்தான் இருந்தது என்று அவர் சொன்னது பொய்யில்லை. இந்த வண்டிகளில் பலவற்றில் முள்ளை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், அளவு மீறிய பிறகுதான் அசையும். அதற்குள் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்துவிட்டது. முந்தைய வருஷமே அந்தக் குழாயை மாற்றச் சொல்லி நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அது இன்னும் மனசில் உறுத்துகிறது. நீயும் வாரம் மூன்று நாள் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறப் போகிறவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டொயோட்டா பிராடோ வாங்கினால் கவலையில்லை என்று உன் மச்சான் சொன்னது பெரும்பாலும் சரி, முழுக்கச் சரியில்லை. அதன் மூன்று லிட்டர் டீசலில் இன்ஜெக்டர் அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசிந்தால் கரி ஆயிலில் இறங்கி, அடியில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஆனால் அந்த வாஷரை எந்த ஊரிலும் மாற்றலாம். வித்தியாசம் அங்கேதான்.

வாங்காதே என்று நான் சொல்லவில்லை. உனக்கு அந்த வண்டி மேல் எவ்வளவு ஆசை என்று தெரியும். வாங்கும் பணத்தில் பாதியாவது தனியாகக் கையில் இருக்கட்டும். இங்கே மறுபதிவு, வாழ்நாள் வரி எல்லாம் அதில் சேராது, டெல்லி ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, கைக்கு வராமல் முன்பணமும் கொடுக்காதே.

வரும் சனிக்கிழமை ராத்திரி வண்டியைச் சமதளமான தரையில் நிறுத்தச் சொல். நாலு சக்கரத்துக்கும், சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிவை. காலையில் திரும்ப அளந்தால் எந்தக் காற்றுப் பை கசிந்து இறங்கியிருக்கிறது என்று தெரியும். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் நான் ஸ்கேனரோடு வந்துவிடுகிறேன். கிலோமீட்டர் திருத்தியிருந்தால் உள்ளே வேறு கம்ப்யூட்டர் மாட்யூலில் பழைய கணக்கு தங்கியிருக்க வாய்ப்புண்டு, அதைத் தேடுவோம். ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து உலோகத்தூள் மின்னுகிறதா என்று பார்க்க அந்த டீலர் சம்மதிக்க வேண்டும், முதலிலேயே கேட்டுவிடு. அப்புறம் முக்கியமானது: நான் வரும்வரை யாரும் எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த எஞ்சின் முதல் தடவை பற்றும்போது நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் மாப்ளே