அந்தப் பெயரை எடுத்துவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஞாயிறு பூசையின் மன்றாட்டில் வாசிக்கிற பெயர்களை எழுதி வைப்பது என்னுடைய வேலை. சில கிழமைகளுக்கு முன் ஒரு தாய் கோவில் வாசலில் என்னை நிறுத்தி, "தம்பி, என்ர மகன்ர பெயரை எடுத்துவிடுங்கோ, இரண்டு வருசமா வாசிக்கிறியள், ஒரு மாற்றமும் இல்லை, எத்தினை நாளைக்குச் சனத்துக்குக் கரைச்சல் குடுக்கிறது" என்றார். மகன் போதைப்பொருளுக்குள் விழுந்த பிள்ளை. வீட்டில் கிடந்த நகையும் போய், செய்த வேலையும் போய், இப்போது தாயோடு பேச்சும் இல்லை. (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

அந்த நேரம் எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால், பிழை எங்களிடம்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் வருத்தம் என்றால் முதல் கிழமை எல்லோரும் போய்ச் செபமாலை சொல்கிறோம், வாட்ஸ்அப்பில் கைகூப்பி அனுப்புகிறோம், அடுத்த கிழமை வேறொரு வீடு, மூன்றாம் கிழமை இந்த வீட்டை யாருக்கும் நினைவில்லை. இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்: செபக்கருத்து என்று சொல்லி ஊர்க்கதை பேசுகிற பழக்கம் எங்களுக்குள் இருக்கிறது, அந்தப் பயத்திலேயே எத்தனையோ பேர் தங்கள் கஷ்டத்தைச் சொல்லாமல் இருக்கிறார்கள்.

மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் நாலு பேர் ஒரு முடக்குவாதக்காரனைச் சுமந்து வருகிறார்கள். சனநெரிசலில் உள்ளே போக வழியில்லை, சரி திரும்புவோம் என்று அவர்கள் நினைக்கவில்லை, கூரையைப் பிரித்து அவனைக் கட்டிலோடு இறக்கினார்கள். இயேசு பார்த்தது அந்தச் சுமந்துவந்தவர்களின் விசுவாசத்தை என்று அங்கே எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் என்ன நம்பினான், எவ்வளவு நம்பினான் என்று ஒரு சொல்கூட இல்லை. அந்தத் தாய்க்கு நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். உங்களுக்கு இனி ஏலாது என்றால் பரவாயில்லை அம்மா, கட்டிலின் நாலு மூலையையும் நாங்கள் பிடிக்கிறோம்.

புனித மோனிக்கா தன் மகன் அகுஸ்தினாருக்காகப் பதினேழு வருடமளவில் அழுது செபித்தவர், ஆப்பிரிக்காவிலிருந்து மிலான் வரை அவருக்குப் பின்னாலேயே போனவர். 387-இல் மகன் ஞானஸ்நானம் பெற்றார், அதே வருடம் தாய் கண்மூடினார். இரண்டு வருடத்தோடு அவர் விட்டிருந்தால்?

எங்கள் மண்ணிலும் இது புதிதில்லை. 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்கக் குருக்களை விரட்டினார்கள். 1687-இல் கோவாவைச் சேர்ந்த குருவான யோசேப்பு வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் வந்து, கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகத் திரிந்து, அதைக் கண்டு முகம் மலர்கிறவர்கள் யாரென்று பார்த்துத்தான் கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு யாழ்ப்பாணத்துச் சில்லாலைக் கிராமத்துச் சனம் அவரை வைத்துப் பாதுகாத்தது. இடையில் கிட்டத்தட்ட முப்பது வருடம்! அவ்வளவு காலத்துக்குப் பிறகும் செபமாலையைக் கண்டு முகம் மலர இங்கே ஆட்கள் இருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

செபம் சொல்லிவிட்டால் பிள்ளையை வைத்தியரிடம் கூட்டிப்போகத் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. அதற்கும் ஆள் துணை வேண்டும், அந்தத் தாய் தனியாக அலைகிறார்.

ஆகவே பங்குகளில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். புதுப் பெயர் வந்தது என்று பழைய பெயரை வெட்டாதீர்கள். அன்பியத்தில் (அயல் வீடுகள் சேர்ந்து செபிக்கிற குழுவில்) வீட்டுக்கு ஒரு பெயரைக் கொடுங்கள், காரணம் சொல்ல வேண்டாம், பெயர் மட்டும் போதும், ஒரு வருடம் முழுக்க அந்த வீடு அந்தப் பெயருக்காகச் செபிக்கட்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 முதல் வீதியில் இருக்கிற தாய்மாரின் பெயர்களும் அதில் வரவேண்டும்.

அந்தப் பெயரை நான் எடுக்கவில்லை. போன ஞாயிறும் வாசித்தோம். தாய் பின் வாங்கில் இருந்தார், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று அவரும் சேர்ந்து சொன்னார்.

பங்கு விசுவாசி ஒருவர்,
யாழ்ப்பாணம்