ஒரே தட்டில்

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? போன ஞாயிற்றுக்கிழமை இங்கே நியூயார்க்கில், குவீன்ஸில், ஒரு கோஷர் சீனக் கடையில் சாப்பிட்டேன். கோஷர் என்றால் யூதர்களின் உணவு விதிப்படி சமைத்தது. அதை உனக்கு எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

என்னோடு வார்டில் வேலை பார்க்கும் யூத அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா? மூன்று வருஷமாக நான் செய்து கொண்டுபோன எதையும் அவர் வாயில் வைத்ததில்லை. முறுக்கைக்கூட முகர்ந்து பார்த்து, "வாசனை நன்றாக இருக்கிறது" என்று திருப்பித் தந்துவிடுவார். எனக்கு மனசுக்குள் வருத்தம்தான். அவரேதான் இந்தக் கடைக்குக் கூட்டிப்போனார்.

பன்றி, இறால், நண்டு எதுவும் அங்கே கிடையாது. நான் மாடு சாப்பிடமாட்டேன் என்பதால் எள் தூவிய கோழி சொன்னார். சாப்பிட்டு முடித்ததும், பழக்கதோஷத்தில் பால் விட்ட டீ கேட்டுவிட்டேன். கடைக்குள் பாலே வராதாம்! கறியும் பாலும் சேரக்கூடாது. வீட்டிலும் இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி. அப்பத்தா மீன் சட்டியை வேறு எதற்கும் எடுக்கவிடாமல் கொல்லையில் கவிழ்த்து வைத்திருப்பார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. சீனச் சமையலில் பாலும் வெண்ணெயும் அதிகம் புழங்குவதில்லை, அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போனது என்றார் அக்கா. 1959-லேயே மன்ஹாட்டனில் எஸ்ஸெக்ஸ் தெருவில் பெர்ன்ஸ்டைன் என்ற கடையில் கோஷர் சீனச் சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டார்களாம்.

எங்கள் மேசை அடுப்பங்கரையை ஒட்டி இருந்தது. சமைப்பவர் சீனர். பக்கத்திலேயே தாடி வைத்த ஒரு பெரியவர் நின்றார். கோஷர் விதிப்படி சமையல் நடக்கிறதா என்று கண்காணிப்பவர், அவரை மஷ்கியாக் என்கிறார்கள். அடுப்பைப் பற்றவைப்பது அவர்தான். ஒவ்வொரு முட்டையாகக் கண்ணாடி டம்ளரில் உடைத்து, ரத்தப் புள்ளி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் கிண்ணத்தில் ஊற்றினார். கோஸ் இலையைப் பிரித்து விளக்குக்கு நேரே பிடித்துப் பூச்சி பார்த்தார். கடை நிரம்பி ஆட்கள் காத்திருந்தார்கள், ஆனாலும் ஒரு இலையைக்கூட அவர் பார்க்காமல் விடவில்லை. எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

யூதர்களின் ஓய்வுநாள் என்பதால், வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சாத்தினால், சனிக்கிழமை இருட்டும்வரை கடை திறக்காது.

அப்புறம், அக்கா தன் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்து என் தட்டில் வைத்தார். நானும் என்னுடையதில் ஒன்றை எடுத்து வைத்தேன். சட்டென்று வாயில் போட்டுக்கொண்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவை! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உன் அறையில் இருக்கிற பையன் நீ சமைத்த கறியைத் தொடமாட்டேன் என்கிறான், ஹலால் இல்லை என்கிறான் என்று கோபமாக எழுதியிருந்தாயே. அவன் எந்தக் கடையில் சாப்பிடுவான் என்று கேட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய்வாருங்கள். பணம் அனுப்பியிருக்கிறேன். பில்லை நீ கொடு.

அன்புடன்,
அம்மா