பழைய கட்டடங்களை நிலநடுக்கத்துக்கு எதிராகப் பலப்படுத்தும் பொருள்களுக்குப் பணியிடச் சோதனையைக் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கட்டடப் பொருள் சோதனையில் ஈடுபட்டுள்ள கட்டமைப்புப் பொறியாளர்

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
பொதுப்பணித் துறை

பொருள்: பலப்படுத்தும் பொருள்களைப் பணியிடத்தில் மாதிரி எடுத்துச் சோதித்த பின்னரே ஏற்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பள்ளிகள், மருத்துவமனைகள் போன்ற பழைய அரசுக் கட்டடங்களைப் பலப்படுத்தும் பணிகளில், உற்பத்தியாளரின் சான்றிதழை மட்டும் வைத்துப் பொருள்களை ஏற்கும் வழக்கத்தை நிறுத்தி, பணியிடத்தில் எடுத்த மாதிரிகளைச் சார்பற்ற ஆய்வகத்தில் சோதிக்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

பலப்படுத்தும் வேலையில் புதிய பொருள் பழைய கான்கிரீட்டோடு பிடித்து நிற்பதே முதன்மையானது. உத்திரத்திலும் சுவரிலும் ஒட்டப்படும் கார்பன் இழைத் துணி எஃகைவிட அதிக இழுவலிமை கொண்டதாயினும், அந்த வலிமை கட்டடத்துக்குப் போய்ச் சேர்வது இடையிலுள்ள, இரு பகுதிகளைக் கலந்து இறுகவைக்கும் எபாக்சிப் பசையின் வழியாகத்தான். அந்தப் பசையின் இரு பகுதிகளையும் சரியான அளவில் கலந்தார்களா, ஒட்டிய பரப்பில் ஈரமோ தூசியோ இருந்ததா என்பவற்றைத் தொழிற்சாலையில் வழங்கிய எந்தச் சான்றிதழும் சொல்லாது. மேலும், சாதாரண வெப்பநிலையில் இறுகும் எபாக்சிகள் பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்குவதால், வெயில் நேரடியாக விழும் பரப்புகளுக்கு அந்த வெப்ப எல்லையையும் சோதித்தாக வேண்டும்.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில் கூரைப் பலகைகள் விழுந்து ஒருவர் உயிரிழந்தார். அப்பலகைகளைத் தாங்க மேற்கூரையில் பதித்த ஆங்கர் கம்பிகளைப் பிடித்திருந்த எபாக்சி, தொடர்ச்சியான சுமையில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுத்ததே காரணம் என விசாரணையில் தெரிந்தது. அது நிலநடுக்கம் அன்று. ஆயினும் பழைய தூண்களில் துளையிட்டுப் புதிய கம்பிகளைப் பதிக்க நாம் நம்புவதும் இதே வகைப் பசையைத்தான். குறுகிய நேரச் சோதனையில் தேறிய பசை நீண்டகாலச் சுமையிலும் தேறும் என்று கொள்வதற்கில்லை. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நேர்ந்த நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்திலும், வளைந்து கொடுக்கும் என்று நம்பப்பட்ட எஃகுச் சட்டகங்களின் பற்றவைப்பு இணைப்புகள் பல கட்டடங்களில் விரிசல் கண்டிருந்தன. அதன் பிறகே அத்தகைய இணைப்புகளை முழு அளவில் செய்து, முன்னும் பின்னும் அசைத்துச் சோதிக்கும் முறை வலுப்பெற்றது.

எஃகுக் கம்பிகளுக்கும் வலிமை மட்டும் போதாது. நிலநடுக்கத்தின் ஆற்றலைக் கம்பி நீண்டு உள்வாங்க வேண்டுமென்பதால், அறும் வலிமை (அறுவதற்கு முன் கம்பி தாங்கும் உச்ச அளவு) நெகிழ் வலிமையைப் (கம்பி மீளாமல் நீளத் தொடங்கும் அளவு) போல் குறைந்தது 1.25 மடங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார்பன் இழையோ நெகிழாமல் திடீரென அறுந்துவிடும் என்பதால், அதில் சோதனைக்குக் கூடுதல் கவனம் தேவை.

எனவே, வேலை தொடங்கும் முன் பழைய கான்கிரீட்டின் வலிமையை அறியவும், அதே தொழிலாளர்கள் அதே நாளில் அதே கலவையால் செய்த மாதிரித் தகடுகளைப் பொறியாளர் முன்னிலையில் முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவும், ஒட்டிய பரப்பில் வட்டு ஒட்டி இழுக்கும் சோதனையை நடத்தவும் ஒப்பந்த விதிகளில் சேர்க்க வேண்டுகிறேன். இழுவைச் சோதனையில் பிடிப்பு 1.4 மெகாபாஸ்கலுக்கு (ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.4 நியூட்டன் விசை) குறையாமலும், முறிவு கான்கிரீட்டுக்குள்ளேயும் அமைய வேண்டும். பசை தனியே உரிந்து வந்தால் அப்பகுதியை மீண்டும் செய்ய வேண்டும். முடிவுகள் வரும்வரை அப்பகுதிக்கான பட்டியல் தொகையை வழங்காதிருக்கவும், சோதனை அறிக்கைகளைக் கட்டடத்தைப் பயன்படுத்துவோர் பார்க்கும்படி வைக்கவும் உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்