ஃபேனியிடம் கேட்கப்பட்ட கேள்வி

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிறது. வலக்கண்ணில் புரை நீக்கியபின் சில நாள் படிக்கவோ எழுதவோ கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. என் கையெழுத்து எவ்வளவு மோசம் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. பேத்திக்குக் காது குத்திய செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுபது வயதில் விக்டோரியா காலத்து லண்டனைப் பற்றிய கட்டுரைகளைத் தமிழாக்க உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் கேட்டு, பொறாமையும் கொஞ்சம் வந்தது.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1857-இல் ‘பன்ச்’ என்ற ஆங்கில நகைச்சுவை இதழில் ஜான் லீச் வரைந்த அந்தக் கேலிச்சித்திரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நள்ளிரவு, லண்டன் ஹேமார்க்கெட் பக்கத்துத் தெரு, இரண்டு பெண்கள். பின்னால் சுவரில் ‘லா திராவியாட்டா’ என்ற இசைநாடகத்தின் விளம்பரத்தாள் ஒட்டியிருக்கும்; அதுவும் ஒரு விலைமகளின் கதைதான், முந்திய ஆண்டுதான் லண்டன் மேடைக்கு வந்திருந்தது. ஒருத்தி மற்றவளிடம் கேட்கிறாள்: ஃபேனி, நீ எவ்வளவு காலமாக ‘கே’யாக (gay) இருக்கிறாய்? நீ இதை “எவ்வளவு காலமாக மகிழ்ச்சியாக இருக்கிறாய்?” என்று மொழிபெயர்த்துவிட்டு, ஏன் இது கேலிச்சித்திரம், இதில் எங்கே சிரிப்பது என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். உன்மேல் குற்றமில்லை. அகராதி முதலில் தரும் பொருளைத்தான் நீ போட்டிருக்கிறாய். இன்றைய இளைஞன் எவனாவது மொழிபெயர்த்திருந்தால் தன்பாலீர்ப்பு என்ற இன்னொரு பொருளைப் போட்டு, அவனும் தவறியிருப்பான். அன்றைய லண்டன் தெருவில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு: ஃபேனி, நீ தொழிலுக்கு வந்து எவ்வளவு காலம் ஆகிறது?

இந்தச் சொல் 1300-ஐ ஒட்டிப் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. களிப்பு, பளபளப்பு, கண்ணைப் பறிக்கும் உடை என்பவைதான் அன்று அதன் பொருள்கள். கவிஞர் சாசரிடம் அது பெரும்பாலும் பகட்டான அலங்காரத்தைக் குறிக்கும். 17-ஆம் நூற்றாண்டிலேயே கறை படியத் தொடங்கிவிட்டது. களிப்பாக இருப்பவன் என்றால் கட்டுப்பாடில்லாமல் இருப்பவன் என்றாயிற்று. 1703-இல் நிக்கோலஸ் ரோ எழுதிய நாடகத்தில் வரும் லொத்தாரியோ என்ற பெண்பித்தனுக்கு இதுதான் அடைமொழி. அந்தப் பாத்திரத்தின் பெயரே பிறகு பெண்களை ஏமாற்றுகிறவனுக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. ஆணுக்கு அந்த அடைமொழி பாதி பாராட்டாகவே இருந்தது. பெண்ணுக்குச் சொன்னால் தொழில் என்று பொருள். அத்தகைய வீட்டுக்கும் அதே அடைமொழிதான். இந்த ஓரவஞ்சனை உனக்குப் புதிதில்லை.

விந்தை என்னவென்றால், தெருவில் இந்தப் பொருளோடு உலவிய அதே சொல், அதே நூற்றாண்டில் பள்ளிக்கூடத்துக்குள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததுதான். டாஃபடில் மலர்களைப் பற்றிய வேர்ட்ஸ்வர்த்தின் கவிதையில், இவ்வளவு குதூகலமான கூட்டத்தின் நடுவே ஒரு கவிஞன் ‘கே’யாக இல்லாமல் எப்படி இருக்க முடியும் என்று ஒரு வரி வரும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை நான் நடத்தியிருக்கிறேன். டாஃபடில் பூவை நானும் பார்த்ததில்லை, என் மாணவர்களும் பார்த்ததில்லை. ஆவாரம்பூ மாதிரி மஞ்சள் என்று சொல்லிச் சமாளித்தேன். “கே என்றால் மகிழ்ச்சி” என்று கரும்பலகையில் எழுதினால் பையன்கள் தலைகுனிந்து எழுதிக்கொள்வார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஓராண்டு, அந்த வரிக்கு வந்ததும் கடைசி பெஞ்சில் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. அந்த ஆண்டுதான் ஊரில் எல்லா வீட்டிலும் கேபிள் இணைப்பு வந்திருந்தது என்று ஞாபகம். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, “நல்ல சொல் ஒன்றை யாரோ கெடுத்துவிட்டார்கள், அதற்கு வேர்ட்ஸ்வர்த் பொறுப்பில்லை” என்று சொன்னேன். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த ஆண்டிலிருந்து அந்த வரியை வேகமாகப் படித்துத் தாண்டிவிடுவேன்.

2009 ஜூலையில், தன்பாலுறவு குற்றமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த வாரம் நீ இங்கே வந்திருந்தபோது, திண்ணையில் உட்கார்ந்து இதையே உன்னிடமும் சொன்னேன். சொல்லைத் திருடிவிட்டார்கள் என்றேன். நீ காப்பியை ஆற்றிக்கொண்டே, “திருடினவன் யாரிடமிருந்து திருடினான் என்று பார்த்தாயா?” என்று கேட்டாய். அன்று நான் பார்த்திருக்கவில்லை. உன் ஃபேனியால்தான் இப்போது உட்கார்ந்து பார்த்தேன்.

தன்பாலீர்ப்பு கொண்டவர்களுக்கு ஆங்கிலத்தில் இருந்த சொற்கள் எல்லாம் மற்றவர்கள் வைத்தவை: வசைச்சொல், சட்டச்சொல், இவற்றோடு 1869-இல் ஜெர்மனில் அச்சேறிய ‘ஹோமோசெக்ஷுவல்’. அந்தக் கடைசிச் சொல்லை உருவாக்கியவர் அவர்களுக்கு எதிரான சட்டத்தைக் கண்டித்துத்தான் எழுதினார். ஆனால் அது விரைவிலேயே மருத்துவர்கள் கைக்குப் போய் நோயின் பெயர் ஆகிவிட்டது. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு இதற்காகவே 1895-இல் சிறைக்குப் போன நாடு இங்கிலாந்து. 1967 வரை அங்கே வாய்திறந்து சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு, கேட்பவன் தன்னைச் சேர்ந்தவன் என்றால் ஒரு பொருளும், இல்லையென்றால் வெறும் களிப்பும் தரும் சொல் எவ்வளவு வசதி என்று எண்ணிப்பார். கெர்ட்ரூடு ஸ்டைன் 1922-இல் வெளியிட்ட ஒரு சிறு படைப்பில் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்கிறார்கள். அந்த ஒரு சொல்லே பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வந்து அலுக்கும். அலுப்பை மீறி உற்றுக் கேட்டவர்களுக்குத்தான் விஷயம் புரிந்தது. 1938-இல் ஒரு ஹாலிவுட் படத்தில் பெண்ணின் அங்கியைப் போட்டுக்கொண்டு நிற்கும் கேரி கிராண்ட், திடீரென்று தான் ‘கே’ ஆகிவிட்டதாகக் கத்திக் குதிப்பார். எந்தப் பொருளில் சொன்னார் என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

பிறகு மறைப்பு தேவையில்லை என்று முடிவு செய்த தலைமுறை வந்தது. ஃபிராங்க் காமெனி என்ற வானியலாளரை 1957-இல் அமெரிக்க ராணுவ வரைபடத் துறை, தன்பாலீர்ப்பு கொண்டவர் என்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கியது. அவர் மன்னிப்புக் கேட்டு மனுப்போடவில்லை, வழக்குப் போட்டார். 1968-இல் ‘கே இஸ் குட்’ என்று மூன்றே சொல்லில் ஒரு முழக்கம் எழுதினார். அடுத்த ஆண்டு ஜூனில் நியூயார்க்கில் இவர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் காவல்துறை நுழைந்ததும் கலவரம் வெடித்தது. அதையடுத்துத் தோன்றிய அமைப்பு இந்தச் சொல்லைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. நியூயார்க் டைம்ஸ் நாளேடு அதைத் தன் நடையில் ஏற்க 1987 வரை பிடித்தது. ஆக, திருட்டு எங்கே நடந்தது? ஃபேனியின் தெருவில் கிடந்த சொல்லை, அதே போல விரட்டப்பட்டவர்கள் எடுத்துத் துடைத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். கௌரவமான வீடுகளில் அது அப்போதே பாட்டிகளின் சொல்லாகிக்கொண்டிருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். பழைய களிப்புக்குப் பழைய எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டு, புதுப்பொருளுக்கு மட்டும் ஆங்கிலக் கூட்டலைக் கடன் வாங்கினார்கள். அங்கே இரண்டும் சண்டையில்லாமல் வாழ்கின்றன. ஆங்கிலத்திலும் களிப்பைக் குறிக்கும் ‘கெயிட்டி’ என்ற பெயர்ச்சொல் மட்டும் கறைபடாமல் தப்பித்துவிட்டது. ரகுபதி வெங்கையா 1914-இல் சென்னையில் கட்டிய கெயிட்டி திரையரங்கில் படம் பார்த்த யாரும் இந்தச் சிக்கலை நினைத்திருக்க மாட்டார்கள். அந்தக் கட்டடம் இன்று இல்லை.

இடையில் ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். 2008-இல் அமெரிக்கக் கிறித்தவச் செய்தித்தளம் ஒன்று, இந்தச் சொல் வரும் இடமெல்லாம் தானாகவே ‘ஹோமோசெக்ஷுவல்’ என்று மாறும்படி கணினியில் ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் ஓடிய டைசன் கே அந்தச் செய்தியில் ‘டைசன் ஹோமோசெக்ஷுவல்’ ஆகி நூறு மீட்டர் இறுதிக்குத் தகுதி பெற்றார். 2025 மார்ச்சில் இன்னொன்று. ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானத்துக்கு அதன் விமானி தன் தாயின் பெயரை வைத்திருந்தார்: ஈனோலா கே. பன்முகத்தன்மையைப் பேசுபவை என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நீக்குவதற்காகக் குறித்துவைத்த படங்களில் அந்த விமானத்தின் படமும் இருந்ததாக அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. ஒரு நகரத்தை அழித்ததை விட்டுவிட்டு, பெயரில் இருந்த ஓரசையைப் பார்த்துத்தான் கணினி அதைப் பிடித்திருக்க வேண்டும்.

உன் மொழிபெயர்ப்புக்கு வழி சொல்கிறேன். தமிழ் உன் துறை, உனக்கே பாடம் எடுக்கிறேன் என்று சிரிக்காதே. “உள்ளக் களித்தலும் காண மகிழ்தலும்” என்ற குறளுக்குப் பரிமேலழகர், களித்தல் வேறு, மகிழ்தல் வேறு என்று பிரித்துக் காட்டுவதை விடுதி அறையில் நீதான் எனக்குச் சொன்னாய். அதனால் முதலில் ‘களிமகள்’ என்று எழுதிப் பார்த்தேன். புலவர் வாடை அடித்தது. ‘தொழில்’ என்று நேராகப் போட்டால் பொருள் வந்துவிடும், ஆனால் கேலி செத்துவிடும். களிப்பின் பெயரைச் சுமந்துகொண்டு ஒருத்தி குளிரில் களிப்பில்லாமல் நிற்பதுதானே அந்தச் சித்திரம்?

நேற்று நாளிதழைப் பிரித்தபோது விடை தானாகக் கண்ணில் பட்டது. மூன்றாம் பக்கத்தில் குற்றச் செய்தி: இருவரும் விடுதியில் அறை எடுத்து ‘உல்லாசமாக’ இருந்தனர். உல்லாசப் பயணம் என்று நாம் பள்ளியில் கட்டுரை எழுதிய சொல் அது. இலங்கைத் தமிழர்கள் இன்றும் சுற்றுலா வருபவர்களை உல்லாசப் பயணிகள் என்றுதான் கூசாமல் எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் செய்தியாளர்கள் எழுதி எழுதி, இனி எந்தத் தாத்தாவும் பேரப்பிள்ளைகளோடு கொடைக்கானலில் உல்லாசமாக இருந்தேன் என்று சொல்ல முடியாத நிலைக்கு அதைக் கொண்டுவந்துவிட்டார்கள். 1857-இல் அந்த ஆங்கிலச் சொல் நின்ற இடத்தில்தான் இன்று நம் உல்லாசம் நிற்கிறது.

ஆகவே, “ஃபேனி, எவ்வளவு காலமாக இந்த உல்லாசம்?” என்று போட்டுப் பார். அடிக்குறிப்பு வேண்டாம். ‘இந்த’ என்பதை வைப்பதா எடுப்பதா என்பதில்தான் எனக்கு ஐயம். இருந்தால் கேட்பவளும் அதே தெருவில் நிற்பவள் என்று தெரிகிறது, இல்லாவிட்டால் கேள்வி சுருக்கென்று குத்துகிறது. உரக்க வாசித்துப் பார்த்துவிட்டு எது சரி என்று எழுது.

உன் பழைய அறைத்தோழன்